இணைப்பதா, விடுவதா: ஒன்பது பாத்திரங்களும் அரை மணி நேரமும்

கோத்தகிரியில் நண்பர்கள் சிலர் சேர்ந்து எழுதி வரைந்த காமிக்ஸ் கதையை அரை மணி நேரக் குறும்படமாக எடுக்கப்போகிறோம். கதையில் முக்கியப் பாத்திரங்கள் ஒன்பது பேர். ஒருவர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்று பார்ப்பவருக்குப் புரியவைக்கக் குறைந்தது ஒன்றரை நிமிடமாவது வேண்டும். அப்படிப் பார்த்தால் பதின்மூன்றரை நிமிடம் அறிமுகத்துக்கே போய்விடும். மீதியில் கதை சொல்ல வேண்டும். அதனால் பாத்திரங்களைக் குறைத்தே ஆக வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எப்படிக் குறைப்பது என்பதில்தான் இப்போது எங்களுக்குள் வாக்குவாதம்.

அணியில் பாதிப்பேர் சொல்வது: இரண்டு மூன்று பேரை ஒருவராக இணைத்துவிடலாம், ஹாலிவுட்டில் எல்லாரும் அதைத்தானே செய்கிறார்கள். சரி, செய்கிறார்கள். ஆனால் எல்லா இணைப்பும் ஒரே மாதிரி பலன் தரவில்லை. பல பத்தாண்டுகளாக வந்த காமிக்ஸை இரண்டரை மணி நேரத்துக்குள் அடக்கும் வேலையில் அவர்கள் எங்கே ஜெயித்தார்கள், எங்கே எதை இழந்தார்கள் என்று பார்த்துவிட்டு நம் ஒன்பது பேருக்கு வரலாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எங்கள் கதை. நாயகி பனிப்பெண், கல்லூரி மாணவி. மூடுபனிக்குள் ஓரிடத்தில் நுழைந்தால் பனி இருக்கும் வேறெந்த இடத்திலும் வெளியே வரக்கூடியவள். அவளுக்கு வழிகாட்ட இரண்டு பெரியவர்கள்: மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், ஊட்டியில் மூடப்பட்ட ஃபிலிம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் ஒருவர். அப்புறம் அவளுடைய பாட்டி. 1964-ல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, தோட்டத்தில் கொழுந்து பறித்தே வாழ்ந்தவர். பக்கத்து ஹட்டியில், அதாவது படகர் ஊரில், சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை வைத்திருக்கும் படகர் அம்மா. இரும்பு வேலையும் இசையும் தெரிந்த கோத்தர் பெரியவர். பாறையில் தேன் எடுக்கும் குறும்பர் இளைஞர். எதிர்ப்பக்கம் இரண்டு பேர்: பச்சைத்தேயிலை வாங்கும் ஏஜென்ட், ரிசார்ட்டுக்கு நிலம் வளைக்கும் புரோக்கர்.

நன்றாகப் பொருந்திய இணைப்புகள்

எனக்குத் தெரிந்து மிகச் சுத்தமான இணைப்பு 2005-ல் வந்த 'பேட்மேன் பிகின்ஸ்' படத்தில்தான். காமிக்ஸில் ராஸ் அல் கூல் 1971-லிருந்து இருக்கும் பெரிய வில்லன். ஹென்றி டுகார்ட் வேறு ஆள், பின்னால் பேட்மேனாகும் ப்ரூஸ் வெய்னுக்கு ஆட்களைத் தேடிப் பிடிக்கும் வித்தையைக் கற்றுக்கொடுத்தவர். படத்தில் இருவரும் ஒருவரே. இமயமலையில் ப்ரூஸை உருவாக்கிய குரு, பின்பாதியில் அவன் வீட்டு விருந்துக்குள் வந்து நின்று நான்தான் ராஸ் அல் கூல் என்கிறார். இரண்டு பேராக இருந்திருந்தால் குருவின் வேலை முன்பாதியோடு முடிந்திருக்கும், பின்பாதி வில்லனைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியிருந்திருக்கும். ஒருவராக ஆனதும் நேரம் மிச்சமாகிறது. அதைவிடப் பெரிய லாபம், காமிக்ஸில் இல்லாத ஒரு வலி கதைக்குள் வருகிறது: கற்றுக்கொடுத்தவரையே எதிர்க்க வேண்டிய நிலை.

'அயர்ன் மேன் 2' (2010) படத்தின் இவான் வாங்கோவும் இப்படித்தான். சாட்டை விப்லாஷ் என்ற வில்லனுடையது. வாங்கோ என்ற பெயரும் ரஷ்யப் பின்னணியும் கிரிம்சன் டைனமோ என்ற வேறொரு வில்லனுடையவை. காமிக்ஸ் விப்லாஷுக்குக் கண்ணைக் கவரும் ஆயுதம் உண்டு, மனதில் நிற்கும் காரணம் இல்லை. படத்தில் அயர்ன் மேனான டோனி ஸ்டார்க்கின் குடும்பத்தால் ஒதுக்கப்பட்டு வறுமையில் செத்த தந்தையின் மகனாக அவன் வருகிறான். ஒருவரிடமிருந்து கை, இன்னொருவரிடமிருந்து காரணம். படம் முழுக்கச் சிறப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கார் பந்தயப் பாதையில் அவன் சாட்டையோடு நடந்து வரும்போது அவன் யார், ஏன் வந்திருக்கிறான் என்பதில் நமக்குக் குழப்பமே இல்லை.

'தி டார்க் நைட் ரைசஸ்' (2012) மூன்று ராபின்களை ஒருவராக்கியது. பேட்மேனின் துணையாளாகக் காமிக்ஸில் 1940-ல் டிக் கிரேசன் வந்தான், பிறகு ஜேசன் டாட், பிறகு டிம் டிரேக். படத்தின் ஜான் பிளேக் டிக்கைப் போல அநாதை, டிக் பிற்காலத்தில் ஆனதைப் போல போலீஸ்காரன். பேட்மேன் யார் என்பதை டிம்மைப் போலத் தானாகவே கண்டுபிடிக்கிறான். உள்ளே புகைந்துகொண்டிருக்கும் கோபம் ஜேசனை நினைவுபடுத்துகிறது. இது பொருந்துவதற்குக் காரணம், மூவரும் கதையில் உட்கார்ந்தது ஒரே நாற்காலியில். ஒருவர் போனபின் இன்னொருவர் வந்தார். அவர்களுக்குள் மோதல்கள் காமிக்ஸில் உண்டுதான், ஆனால் அவை பின்னால் வந்தவை. இந்தப் படத்துக்கு அவை தேவைப்படவில்லை.

இணைப்பே மருந்தாக அமைந்த ஓர் உதாரணமும் உண்டு. 1973-ல் ஷாங்-சி காமிக்ஸ் தொடங்கியபோது அவனுடைய அப்பா ஃபூ மான்சூ, சீனர்களைக் கேவலமாகச் சித்தரித்த பழைய ஆங்கில நாவல்களிலிருந்து இரவல் வாங்கிய பாத்திரம். பத்து மோதிரங்களை வைத்திருந்த மாண்டரின் அயர்ன் மேனின் வில்லன், அவனும் அதே அச்சில் வார்த்தவன்தான். 2021-ல் வந்த படம் இருவரையும் சேர்த்து வென்வூ என்ற ஒருவரை உண்டாக்கியது. மனைவியை இழந்த துக்கத்தில் எல்லாவற்றையும் அழிக்கத் துணியும் கணவன், பிள்ளைகளுக்குப் பயத்தையும் பாசத்தையும் சேர்த்தே கொடுத்த அப்பா. மூலத்தில் இருந்த இரண்டு பேருமே அப்படியே திரைக்கு வரத் தகுதியில்லாதவர்கள். அங்கே கரைத்ததில் இழப்பு எதுவும் இல்லை.

கரைந்தே போனவர்கள்

தோல்வி என்றால் எல்லாரும் முதலில் சொல்வது 'எக்ஸ்-மென் ஆரிஜின்ஸ்: வுல்வரின்' (2009). அதன் முடிவில் வரும் டெட்பூலுக்கு சைக்ளாப்ஸின் கண்ணிலிருந்து வரும் கதிர், இன்னொருவரின் மறைந்து தோன்றும் சக்தி, வுல்வரினின் காயம் தானாக ஆறும் உடம்பு, கைக்குள்ளிருந்து நீளும் வாள் எல்லாம் கொடுத்தார்கள். வாயைத் தைத்துவிட்டார்கள். ஓயாமல் பேசுவதுதான் டெட்பூல். சக்திகளைக் கூட்டிய இடத்தில் ஆளே இல்லாமல் போய்விட்டார். அதே நடிகர் அதே பாத்திரத்தைச் சரியாகச் செய்துகாட்ட 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் எனக்கு அதைவிட அதிகமாக வருத்தம் தருவது, எல்லாரும் வெற்றி என்று நினைக்கும் ஒரு இணைப்பு. 2011-ல் வந்த 'கேப்டன் அமெரிக்கா: தி ஃபர்ஸ்ட் அவெஞ்சர்' படத்தில் பக்கி, கேப்டன் அமெரிக்கா ஆவதற்கு முன் ஒல்லியாக இருந்த ஸ்டீவைச் சந்து சண்டையிலிருந்து காப்பாற்றும் பால்ய நண்பன். 1941 காமிக்ஸில் பக்கி அப்படி இல்லை. ராணுவ முகாமில் சுற்றிய சிறுவன், கேப்டன் அமெரிக்காவுக்குத் துணையாள், வயதில் இளையவன். ஸ்டீவைச் சின்ன வயதில் அடிதடியிலிருந்து காப்பாற்றிய நண்பன் வேறொருவர்: 1982-ல் காமிக்ஸுக்குள் வந்த ஆர்னி ராத். ஆர்னி தன்பாலின ஈர்ப்புள்ளவர். அந்தக் காலத்தில் அதை வெளிப்படையாக எழுத முடியாமல், ஆனால் வாசிப்பவருக்குத் தெளிவாகப் புரியும்படி எழுதினார்கள். சின்ன வயதில் தன்னைக் காத்தவனை, வளர்ந்தபின் கேப்டன் அமெரிக்கா காக்கிறார் என்பது அந்தக் கதையின் அழகு. படம் ஆர்னியின் பால்யத்தை எடுத்துப் பக்கிக்குக் கொடுத்தது. பக்கி ஆழமானான், அடுத்தடுத்த படங்களே அந்த நட்பின் மேல்தான் நின்றன. ஆர்னிக்குத் திரையில் இடமே இல்லாமல் போனது. இனி யாராவது அவரைக் கொண்டுவந்தாலும், இந்தக் காட்சிகளைத்தான் பக்கியோடு பார்த்துவிட்டோமே என்று தோன்றும்.

2000-ல் வந்த முதல் 'எக்ஸ்-மென்' படத்தின் ரோக் இன்னொரு வகை. வுல்வரினோடு ஒட்டிக்கொள்ளும் பயந்த பதின்வயதுப் பெண் என்ற இடம் காமிக்ஸில் கிட்டி பிரைடுக்கும் பிறகு ஜூபிலிக்கும் உரியது. அந்த இடத்தில் ரோக்கை வைத்தார்கள். கிட்டியும் ஜூபிலியும் வகுப்பறையில் தெரியும் முகங்களாகச் சுருங்கினார்கள். அது மட்டுமா, காமிக்ஸில் பறக்கவும் பாறையை உடைக்கவும் தெரிந்த ரோக்கே இல்லாமல் போனாள். மூன்று பேரைச் சேர்த்து ஒருத்தியைக்கூட முழுதாகப் பெறவில்லை.

விட்டுவிட்டால் என்ன ஆகிறது?

இணைப்பதற்கு மாற்று, ஒருவரை மொத்தமாக விடுவது. 2002 'ஸ்பைடர்மேன்' படத்தில், காமிக்ஸில் அவன் காதலியான க்வென் ஸ்டேசி இல்லை. 1973 காமிக்ஸில் கிரீன் காப்ளின் என்ற வில்லன் பாலத்திலிருந்து தள்ளிவிட்டதில் இறப்பது க்வென்தான். படத்தில் பாலத்துக்கு மேலே நிற்பது நாயகி மேரி ஜேன், அவள் பிழைத்தும் விடுகிறாள். க்வெனின் காட்சி ஒன்றை எடுத்துக்கொண்டார்களே தவிர, அவளுடைய குணத்தையோ, அப்பா போலீஸ் கேப்டன் என்ற பின்னணியையோ, முடிவையோ தொடவில்லை. அதனால்தான் 2012-ல் வேறொரு குழு அவளை முழு நாயகியாகக் கொண்டுவர முடிந்தது. 2014 படத்தில் அவள் இறந்தபோது திரையரங்கே உறைந்தது.

பக்கத்தில் ஆர்னியை வைத்துப் பாருங்கள். க்வென் பத்து வருடம் காத்திருந்தாள், முழுதாக வந்தாள். ஆர்னி வரவே இல்லை. விட்ட பாத்திரம் பின்னால் வரலாம், கரைத்த பாத்திரத்துக்கு அந்த வழி அடைபட்டுப்போகிறது. எங்கள் முடிவுக்கு இதைத்தான் நான் அடிப்படையாக வைக்கிறேன்.

எல்லாரையும் வைத்துக்கொள்ளலாமே என்பவர்களும் அணியில் இருக்கிறார்கள். அவர்கள் காட்டுவது 'ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' (2018). ஆறு சிலந்தி மனிதர்கள், யாரையும் யாரோடும் கலக்கவில்லை. உண்மைதான், எனக்கும் மிகவும் பிடித்த படம். ஆனால் அது எப்படிச் சாத்தியமானது என்று கவனிக்க வேண்டும். ஒவ்வொருவரும் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் வசனத்துக்கு ஒரே அச்சு. முதல் முறை நிதானமாக, அப்புறம் வேகமாக. கடைசி மூன்று பேர் ஒரே மூச்சில் வந்துவிடுகிறார்கள். ஆறு பேரும் ஒரே மாதிரியான விபத்தைச் சந்தித்தவர்கள் என்பதால் ஒருவரைப் புரிந்துகொண்டால் மற்றவரையும் புரிந்துகொள்ளலாம். நம் ஒன்பது பேருக்கும் அப்படி ஒரு பொது அச்சு கிடையாது. தேன் எடுப்பவரும் ரயில்காரரும் வேறு வேறு உலகம். தவிர, இங்கே படம் எடுப்பதில் இன்னொரு சிரமமும் உண்டு. காலையில் தெளிவாக இருக்கும் சரிவு மதியம் பனியில் காணாமல் போகும். ஒரு காட்சியில் ஆட்கள் கூடக் கூட, வெளிச்சமும் பனியும் எல்லார் மேலும் ஒரே மாதிரி விழும் நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டும்.

நம் ஒன்பது பேர்

நான் வைத்துக்கொள்ளும் சோதனை ஒன்றுதான்: இந்த இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசும் காட்சி கதையில் இருக்கிறதா? அந்தக் காட்சி போனால் கதைக்கு நஷ்டமா? நஷ்டம் என்றால் அவர்களை இணைக்கக் கூடாது.

பிரேக்ஸ்மேனும் ஃபிலிம் தொழிற்சாலைக்காரரும் எங்கள் காமிக்ஸில் ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை. இருவரும் செய்வது ஒரே வேலை, பனிப்பெண்ணுக்குப் பழைய நீலகிரியைக் காட்டுவது. ஒருவருக்குப் பனி தெரியும். மலை ரயில் மேலே ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். முன்னால் பாதையைப் பார்ப்பவர்கள் பெட்டிகளின் முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேன்கள்தான், பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் கையில். கண்ணுக்குத் தெரியாத வளைவைப் பழக்கத்தால் அறிந்தவர். இன்னொருவரிடம் புகைப்படங்கள் இருக்கின்றன, கடைசியில் நில எல்லையை நிரூபிக்க அவைதான் உதவுகின்றன. இவர்களைத் தாராளமாக இணைக்கலாம். பெட்டியின் முகப்பில் நின்றபடி வருடக்கணக்காக ஒரே சரிவுகளைப் படம் எடுத்துவைத்த பிரேக்ஸ்மேன் என்று யோசித்துப் பாருங்கள். எந்த வருடம் எந்தச் சோலை இருந்தது, எது தேயிலையானது, எங்கே கட்டடம் முளைத்தது என்று ஒரே கோணத்தில் வரிசையாக அவரிடம் இருக்கும். இருவராக இருந்தபோது இது எங்களுக்குத் தோன்றவே இல்லை. தொழிற்சாலை மூடியபின் அங்கே வேலை பார்த்தவர்கள் பட்ட பாட்டை இதில் தொடவே வேண்டாம். க்வென் மாதிரி அது முழுதாகக் காத்திருக்கட்டும். தனிப் படமாக எடுக்க வேண்டிய கதை அது.

பாட்டியையும் படகர் அம்மாவையும் இணைக்கலாம் என்று போன கூட்டத்தில் தம்பி ஒருவன் கேட்டான். "அண்ணா, ரெண்டு பேரும் தேயிலைக்காரங்கதானே, ஒரே பாட்டியா வச்சுட்டா என்ன?" கேள்வி நியாயமானது, வெளியூர்க்காரர்கள் பார்வையில் இருவரும் ஒன்றுதான். ஆனால் ஒருவர் கூலிக்குக் கொழுந்து பறித்தவர், லைன் வீட்டில் பிள்ளைகளை வளர்த்தவர், கடல் தாண்டி வந்து இந்த மலையைத் தன் ஊராக்கிக்கொண்டவர். மற்றவர் தலைமுறை தலைமுறையாக இங்கே இருப்பவர், சொந்த நிலம் உள்ளவர், பச்சைத்தேயிலை விலை இறங்கினால் கடனில் மாட்டுபவர். எங்கள் கதையில் பாட்டி அந்த அம்மாவின் தோட்டத்தில் பறிக்கப் போகும் காட்சி இருக்கிறது. விலை விழுந்த வாரம், கொடுக்க வேண்டிய கூலி கையில் இல்லாமல் அந்த அம்மாவும், கேட்க மனமில்லாமல் பாட்டியும் எதிரெதிரே நிற்பார்கள். காமிக்ஸில் எல்லாரும் பாராட்டிய பக்கம் அது. இருவரையும் ஒருவராக்கினால் அந்தப் பக்கமே இருக்காது.

கோத்தரும் குறும்பரும் இன்னும் கவனமாகக் கையாள வேண்டியவர்கள். இந்த மலையில் தோடர், கோத்தர், படகர், குறும்பர் இடையே நெடுங்காலம் பண்டமாற்று இருந்தது. எருமை நெய், இரும்புக் கருவியும் பானையும் இசையும், தானியம், தேனும் காட்டுப் பொருளும் என்று ஒவ்வொருவரிடமிருந்து ஒவ்வொன்று கைமாறியது. அந்தந்தச் சமூகத்துக்கு அதனதன் மொழி, வழிபாடு, குடியிருப்பு உண்டு. இதையெல்லாம் சேர்த்து 'மலைவாசிப் பெரியவர்' என்று ஒருவரை உண்டாக்கினால், அப்படி ஒரு மனிதர் நீலகிரியில் எங்கேயும் இல்லை. திரையில் பழங்குடி மக்களுக்கு இதுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது: ஒருவரின் உடை, இன்னொருவரின் வேலை, யாருடையதும் அல்லாத ஒரு பேச்சு. அதோடு குறும்பரை மந்திரவாதியாகக் காட்டும் பழைய வழக்கம் வேறு இருக்கிறது. வென்வூவுக்குச் செய்ததைப் போலக் கரைத்துச் சரிசெய்யலாமே என்று கேட்கலாம். அங்கே கரைத்தது கற்பனையாகப் பிறந்த கேலிச்சித்திரங்களை. கோத்தரும் குறும்பரும் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள், படத்தைப் பார்க்கப்போகிறவர்கள்.

எனவே நேரம் போதவில்லை என்றால் கோத்தர் பெரியவரை இந்தப் படத்தில் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. எனக்கு மனசே இல்லை, அவருடைய பட்டறைக் காட்சியை வரைந்த பக்கங்கள் அவ்வளவு நன்றாக வந்திருக்கின்றன. குறும்பர் இளைஞர் இல்லாமல் பாறை உச்சிக் காட்சி நடக்காது, அவர் இருந்தே ஆக வேண்டும். தேனுக்கு அரிவாள் மாற்றும் காட்சியும் கோத்தரோடு அடுத்த கதைக்குப் போகட்டும். அவருடைய வரி ஒன்றைக்கூட எடுத்து இன்னொருவர் வாயில் வைக்கக் கூடாது. வைத்துவிட்டால் அடுத்த கதைக்கு அவர் முழுதாக வரமாட்டார்.

மிச்சம் இருப்பது வில்லன்கள். இங்கேதான் எதிர்த்தரப்பு வாதம் பலமானது, அதை நான் மதிக்கிறேன். தினமும் கொழுந்தை எடை போட்டு வாங்கும் ஏஜென்ட்டே நிலத்தையும் வளைக்கிறான் என்றால், குருவே எதிரி என்ற டுகார்ட் திருப்பம் நமக்கும் கிடைக்கும். ஒரு நடிகர் குறைவார். பார்ப்பவருக்கும் அதிர்ச்சி இருக்கும்.

ஆனால் 1989 'பேட்மேன்' படத்தை மறக்க வேண்டாம். காமிக்ஸில் ப்ரூஸின் பெற்றோரைச் சுடுவது ஜோ சில் என்ற சாதாரணத் திருடன். படம் அந்தக் கொலையை ஜோக்கரின் கணக்கில் எழுதியது. மோதல் கூர்மையானது, நன்றாகவும் ஓடியது. ஆனால் ஊரெல்லாம் பரவிக் கிடந்த குற்றம் ஒரே ஆளின் குற்றமாகச் சுருங்கிவிட்டது. ஜோக்கர் கோபுரத்திலிருந்து விழுந்ததும் பழி தீர்ந்தது. அதற்குப் பிறகும் பேட்மேன் ஏன் ராத்திரியில் வெளியே போக வேண்டும் என்பதற்குப் படத்திடம் வலுவான பதில் இல்லை. எங்கள் கதையில் ஏஜென்ட், கடனில் இருக்கும் விவசாயிகளின் பட்டியலைப் புரோக்கரிடம் கொடுக்கும் இடம்தான் மையம். விலை வீழ்ச்சி எப்படி நில விற்பனையாக மாறுகிறது என்பது அந்த ஒரு கைமாற்றத்தில் தெரிகிறது. ஏஜென்ட்டும் அதே கடன் சுழலில் சிக்கியவன்தான். இருவரும் ஒருவரானால் பட்டியலைக் கொடுக்க ஆள் இல்லை, ஒரு கெட்டவனை விரட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற கதைதான் மிஞ்சும்.

அதனால் இவர்களை இணைக்க வேண்டாம். ஆனால் புரோக்கருக்கு முகமும் வேண்டாம், போனில் குரல் மட்டும் போதும். ஏஜென்ட் ஹட்டிக்குக் கீழே சிக்னல் கிடைக்கும் வளைவில் ஜீப்பை நிறுத்தி, பட்டியலில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கட்டும். படகர் அம்மாவின் பெயர் வரும்போது நிறுத்தட்டும். மறுமுனைக் குரல், "ம், அடுத்தது?" என்று கேட்கட்டும். குரல் பதிவை ஓர் அறையில் உட்கார்ந்தே முடித்துவிடலாம், நடிகர் மலைக்கு வரவேண்டியதில்லை. இப்படி வைத்தால் திரையில் தெரிபவர்கள் ஆறு பேர், குரலாக ஒருவர். அறிமுகம் ஒன்பது நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்த கூட்டத்தில் என் வாக்கு இதற்குத்தான்.